பின்கண்ணாடியில் இலக்கியா

ஐயா, நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். பதினாறு வருஷமாக இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் எனக்கு விற்ற வண்டியில் குறை இல்லை. டிக்கி நீண்ட அந்த வெள்ளை செடான் இன்னமும் ஒரு திருப்பில் உயிர் பிடிக்கிறது. குறை உங்கள் வாக்கில். பின்கண்ணாடியில் உங்கள் மகள் பெயரை மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருந்தீர்கள். இலக்கியா. பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி. சாவி கை மாறியதும் நான் அதைச் சுரண்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"வேணாங்க. ஞாயித்துக்கிழமை நானே வந்து பக்குவமா எடுத்துத் தர்றேன்" என்றீர்கள்.

எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரமே உங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார்கள். போன் போட்டால் வேறு யாரோ எடுத்தார்.

அந்த வண்டியை எனக்கு முடித்துக் கொடுத்தது ஜெபமாலை. திண்டுக்கல்லில் பழைய கார் வாங்கி விற்பவர். என்னைவிட ஆறு வயது சின்னவர், என்னை அண்ணே என்பார். நான் அவரை வாத்தியாரம்மா என்பேன். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. சாக்கு சுமந்து, பிறகு சாக்கு வாங்கி விற்று, நாலு சந்தையில் வாயடித்து வளர்ந்தவன் நான். கத்தாமலும் பேரம் பேசலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.

வாங்கிய புதிதில் அவரிடம் போய் நின்றேன்.

"பேரை எடுக்க அந்த ஆளு வரவே இல்லை. நானே சுரண்டிரவா?"

"அவர் செய்றேன்னு சொன்ன வேலைதானே?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும். வித்தவர் ஒத்துக்கிட்ட கடைசி வேலை முடியிற வரைக்கும் வியாபாரம் முடியலைண்ணே."

"ஆர்.சி. என் பேருக்கு மாறிருச்சே."

"அது ஆபீசுக்கு."

விட்டுவிட்டேன். அங்கேதான் வினை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி சொர்ணத்தோடு முதல் தடவை பெட்ரோல் போடப் போனேன். பங்கில் இருந்த பாண்டி பின்னால் போய்ப் பெயரைப் படித்துவிட்டு வந்தான்.

"பாப்பா என்ன படிக்குதுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணம் சொல்லிவிட்டாள். "அஞ்சாவது."

வழியெல்லாம் அவளைத் திட்டினேன். "எவன் பிள்ளைக்கோ நீ எதுக்குடி வகுப்புப் போடுற?"

"கேட்டான், சொன்னேன். இப்ப என்ன, பெட்ரோல் குறைஞ்சு போச்சா?"

மறுவருஷம் பாண்டி கேட்டபோது ஆறாவது என்றாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், இவள் ஏற்றிக்கொண்டே போனாள். பத்தாவது வந்த வருஷம் பாண்டி, "மார்க்கு எவ்வளவுண்ணே?" என்று என்னிடம் கேட்டான். நான் முறைத்தேன். பிறகு, "கணக்குல கொஞ்சம் கம்மி" என்றேன். சொர்ணம் வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அவ கணக்குல நல்லாத்தான் இருந்தா" என்றாள்.

கோயில் திருவிழாவில் மைக்கில் கூப்பிட்டார்கள். "இலக்கியான்னு பேர் எழுதின வெள்ளை வண்டி, வழியை மறிச்சு நிக்குது, இலக்கியா அப்பா உடனே வரவும்." கடை வாசலில் வடையைப் பாதியில் வைத்துவிட்டு நான்தான் ஓடினேன். சந்தையில் என் பெயர் வைரக்கண்ணு என்பது பழைய ஆட்களுக்கு மட்டும் தெரியும். சாக்கு கேட்டு வருகிறவன் எல்லாம் இலக்கியா அப்பா கடை எது என்றுதான் விசாரிப்பான். நான் கெட்ட வார்த்தை பேசினால், "பொம்பளப் பிள்ளை வச்சிருக்கவரு" என்று அடக்குவார்கள். அடங்கியும் தொலைத்தேன்.

போன மாசம் மெக்கானிக் கையை விரித்துவிட்டான். இந்த மாடலுக்கு இனிமேல் சாமான் கிடைப்பது கஷ்டம், ஓடும்போதே விற்றுவிடுங்கள் என்றான். ஜெபமாலையிடம் சொன்னேன். அவர் ஓர் ஆளைப் பிடித்தார். அந்த ஆளுக்கு வண்டி பிடித்துவிட்டது. ஒன்றுதான் சொன்னார்: சாயங்காலம் எடுக்க வரும்போது அந்தப் பெயர் இருக்கக் கூடாது. அவர் மகன் பெயரை ஒட்ட வேண்டுமாம்.

அவர் எடுக்க வருவதாகச் சொன்ன அன்று காலை சொர்ணம் முந்தானையால் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி முழுக்கத் தூசி. கண்ணாடி மட்டும் பளபளத்தது.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"நீ வரலையா?"

"அங்கே எனக்கு என்ன வேலை?"

ஜெபமாலையின் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சாவியை அவர் மேசையில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வாத்தியாரம்மா, ஒரு வண்டியை எப்ப விக்கணும்?"

அவர் உள்ளே போய் ஒரு பிளேடும், சோப்புத் தண்ணீரும், பழைய துணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"என்னையா சுரண்டச் சொல்றீங்க?"

"உங்க வண்டிதானே?"

டிக்கி மேல் குனிந்து பட்டாம்பூச்சியில் ஆரம்பித்தேன். வெயிலில் காய்ந்து கண்ணாடியோடு கண்ணாடியாக ஆகியிருந்தது. ஒரு சிறகு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. பிளேடை முதல் எழுத்துப் பக்கம் கொண்டுபோனேன்.

கை நின்றது.

"என்னண்ணே?"

"பிளேடு மொண்ணை."

புதுப் பிளேடு ஒன்றை உறை பிரித்துக் கொடுத்தார். வாங்கினேன். அதுவும் கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளியே நின்றது.

"யாரு அந்தப் பிள்ளை?" என்று ஜெபமாலை கேட்டார்.

"எனக்கு என்ன தெரியும்? எவனோ ஒருத்தன் மக. முகத்தைக்கூடப் பாத்ததில்லை."

"அப்ப சுரண்டுங்க."

கோபம் வந்துவிட்டது. பிளேடைத் தண்ணீருக்குள் எறிந்தேன். "நான் ஏன் சுரண்டணும்? இது அந்த ஆளு வேலை. வர்றேன்னு சொன்னவன் அவன். பதினாறு வருஷமா வராம உக்காந்துக்கிட்டு, கடைசியில இந்தப் பாவத்தை என் கையில செய்ய வைக்கிறான். அவன் வந்து செய்யட்டும்."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெபமாலை குனிந்து தண்ணீரிலிருந்து பிளேடை எடுத்தார். துணியில் ஒற்றி, உறைக்குள் பழையபடி மடித்தார். போனை எடுத்து அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, சாயங்காலம் வர வேண்டாம் என்றார். காரணம் கேட்டிருப்பார் போல. "அந்த வண்டி இன்னும் விக்கிற நிலைமைக்கு வரலைங்க" என்று வைத்துவிட்டார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"போன வியாபாரமே முடியலையேண்ணே. முடியாத வண்டியை நீங்க எப்படி விப்பீங்க?"

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சத்தம் கேட்டு சொர்ணம் வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் போனாள்.

ஐயா, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி வைத்திருக்கிறீர்கள். வாருங்கள். பட்டாம்பூச்சிக்கு ஒரு சிறகு போய்விட்டது, அது என் கைவேலை, அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பிளேடு கொண்டுவர வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவள் நிஜத்தில் என்ன படித்தாள் என்று சொர்ணத்துக்குத் தெரிய வேண்டுமாம்.