அங்காயி கேட்ட இருபது கேள்விகள்

முதல் அநியாயம், நரியின் கூட்டத்தார் குளக்கரை நிழலிலிருந்து நாய்களை விரட்டினார்கள். இரண்டாவது, பாழடைந்த செங்கல் சூளையில் அங்காயி என்ற கழுதை அவற்றுக்கு இடம் கொடுத்ததும், "குரைப்புச் சத்தம் தாங்கவில்லை!" என்று காட்டு மன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். மூன்றாவது, மனுக் கொடுத்த அதே கூட்டம், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சூளை வாசலில் ஒரு கூடை நாய்க்குட்டிகளை வைத்துவிட்டு ஓடியது. நான்காவது, "நாய்கள் பெருகிவிட்டன!" என்று கூச்சல் போட்டதும் அதே கூட்டம்தான்.

அங்காயி இதற்கெல்லாம் அசைகிறவள் அல்ல. ஒரு காலத்தில் பொதி சுமந்த கழுதைகளை எல்லாம் திரட்டிப் பாதி வழியில் உட்கார வைத்துப் போராடியவள். இப்போது பதினொரு நாய்களுக்குத் தண்ணீர் சுமந்தாள். சொறி பிடித்தவற்றுக்கு வேப்பிலையை மென்று மென்று பூசினாள். நாக்கு கசந்தது. மனசும் கசந்துதான் கிடந்தது.

ஒருநாள் மன்றத் தலைவர் நரி வந்தது.

"அம்மணி, உத்தரவு! நாளை மறுநாள் நடக்கும் சபைக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு நாய்க்கும் வீடு வேண்டும். வீடு கொடுத்தவர் பெயரைச் சபை அறிய வாசிக்க வேண்டும். ஒரு நாய் மிஞ்சினாலும் சூளையை மூடிவிடுவோம். அத்தனையும் ஆற்றுக்கு அப்பால்!"

ஆற்றுக்கு அப்பால் சிறுத்தைகள் இருந்தன.

நாய் கேட்டுப் பலர் வந்தார்கள். ஆனால் அங்காயியிடம் இருபது கேள்விகள் இருந்தன.

"என் முட்டைகளுக்குக் காவல் வேண்டும், அக்கா" என்றது வாத்து.

"நீ தூங்குவது எங்கே?"

"தண்ணீர் ஓரத்தில்."

"நாய்க்குச் சளி பிடிக்கும். அடுத்தவர்!"

"என்னோடு மேய்ச்சலுக்கு வரட்டும்" என்றது எருமை.

"புரண்டு படுக்கும்போது பக்கத்தில் யார் என்று பார்ப்பாயா?"

"இதுவரை பார்த்ததில்லை."

"போய் வா!"

முள்ளம்பன்றிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லையே!"

"உன்னைப் பார்த்தாலே பதில் தெரிகிறது!"

கூட்டத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. பதினொன்றும் அப்படியே இருந்தன. அப்போது ஒற்றைக்காதன் என்ற கிழட்டு நாய் எழுந்து வந்தது.

"அக்கா, அந்தக் கேள்விகளை உங்களிடம் கேட்கலாமா?"

"தாராளமாகக் கேள்!" என்று நெஞ்சை நிமிர்த்தினாள் அங்காயி.

"வீட்டுக்குக் கூரை உண்டா?"

"பாதி உண்டு."

"தினமும் வயிறு நிறையுமா?"

"கிடைக்கிற அன்றைக்கு."

"கோபம் வந்தால் உதைப்பீர்களா?"

"சேச்சே, சுவரைத்தான் உதைப்பேன்!"

"அந்தச் சுவர் யார் மேல் விழும்? தகுதி இல்லை! அடுத்தவர்!"

நாய்கள் உருண்டு புரண்டு சிரித்தன. அங்காயியின் காதுகள் தொங்கிப் போயின. பிறகு அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அட, நரியோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, வாசலுக்கு வந்தவர்களை எல்லாம் நரியாகவே பார்த்துவிட்டேனே!"

அவள் குளத்துக்கு ஓடினாள்.

"எல்லோரும் வாருங்கள்! இனி ஒரே கேள்விதான். நாய் காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் இருப்பீர்களா?"

"இருப்போம்!" என்று குளக்கரையே கத்தியது.

வாத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனது. எருமை இரண்டு. முயல்களும் ஆடுகளும் குட்டிகளை அள்ளிக்கொண்டு போயின. முள்ளம்பன்றிக்குக் கிடைத்தது அடர்த்தியான சடை நாய்!

மறுநாள் சபை கூடியது. கொக்கு பதிவேட்டை விரித்துப் பத்து நாய்களுக்கு வீடு கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தது.

"பதினோராவது?" நரி பல்லைக் காட்டியது. "ஒற்றைக்காதனை யாருமே கேட்கவில்லை போலிருக்கிறதே!"

"மூன்று பேர் கேட்டார்கள், தலைவரே. நான்தான் போகவில்லை" என்ற ஒற்றைக்காதன் அங்காயியைப் பார்த்தது. "அக்கா, நான் காய்ச்சலில் படுத்தால்?"

"போன மழையில் மூன்று நாள் உன் பக்கத்திலேயே நின்றேனே, மறந்துவிட்டாயா?"

"அது போதும். பாதிக் கூரை எனக்குப் பிடித்த கூரை!"

சபை ஆரவாரம் செய்தது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டது. குறையில்லாத வீட்டைத் தேடிக்கொண்டே இருப்பவர் அன்புள்ள வீட்டையும் இழந்துவிடுவார் என்று தாமதமாகவேனும் கற்றுக்கொண்டவளின் பெயரை, கொக்கு சபை அறிய உரக்க வாசித்தது: "வீடு கொடுத்தவர், அங்காயி!"