சென்னியப்பனின் கோட்டு

"ஏனுங்க மேடம், கோட்டு போட்டா உதவுமா, உதவாதா? ஒரே வார்த்தையில சொல்லிப்போடுங்க."

சென்னியப்பன் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. அந்த ரைஃபிள் கிளப்பின் சுவர்களுக்கே இந்தக் கேள்வி மனப்பாடம் ஆகியிருக்கும்.

பயிற்சியாளர் டெல்பின் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

"இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்லே சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு வேர்க்குது."

அவ்வளவுதான் பதில்.

கோட்டு என்று அவர் சொன்னது, துப்பாக்கி சுடுகிறவர்கள் போடும் ஜாக்கெட்டை. கெட்டித் துணியும் தோலும் வைத்துத் தைத்தது. பட்டனைப் போட்டு வாரை இழுத்துக் கட்டிவிட்டால் முதுகு பலகை மாதிரி ஆகிவிடும். குனிந்து கீழே விழுந்த சாவியை எடுக்க முடியாது. கோயம்புத்தூர் ஏப்ரல் வெயிலில் அதற்குள் புகுந்து நிற்க ஒரு தனி வைராக்கியம் வேண்டும்.

வைராக்கியத்துக்கு சென்னியப்பனிடம் குறைச்சலே இல்லை. சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறார். துருப்பிடித்து இறுகிய நட்டு எதுவும் அவர் கைக்குக் கழலாமல் இருந்ததில்லை.

இந்த ஒரு விஷயம்தான் கழலவில்லை. நாளைக் காலை மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் போனது. அதற்கு முந்தின வருடமும் ஏறக்குறைய அதே கதை.

"கோட்டு போட்டா குண்டெல்லாம் ஒரே எடத்துல விழுதுங்க. ஆனா அந்த எடம் நடு இல்லீங்க. வலப்பக்கம் தள்ளி. கழட்டி வெச்சுட்டுச் சுட்டா நடுவுலயும் விழுது, ஊரெல்லாமும் விழுது. நா என்னதாங்க பண்றது?"

"ரெண்டும் நல்ல விஷயம்தானே சார்."

இந்தப் பெண்ணிடம் வந்து மாட்டினோமே என்று இருந்தது அவருக்கு. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இவளேதான் "உதவும், போட்டுக்கோ" என்றாள். அடுத்த வாரமே ஒரு வக்கீலிடம் "உதவாது, கழட்டுங்க" என்றாள். இவர் கேட்டால் மட்டும் வெயிலைப் பற்றிப் பேசுகிறாள்.

"அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்படிங்க உதவும்னீங்க?"

"அவளுக்கு நிக்கத் தெரியும்."

"வக்கீலுக்கு?"

"கோட்டு வாங்க மட்டும் தெரியும்."

"எனக்கு?"

"உங்களுக்குக் கேக்கத் தெரியும் சார். ஒரு அஞ்சு நிமிஷம் பேசாம இருந்தீங்கன்னா எனக்கு உதவும்."

சென்னியப்பன் முகம் சுண்டிப்போய்த் தன் இடத்துக்குப் போனார். கோட்டை மாட்டினார். சுட்டார். வலப்பக்கம் தள்ளி விழுந்தது. இன்னொன்று. அதே ஓட்டைக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கோட்டைக் கழற்றி பெஞ்சில் வீசினார். வெறும் சட்டையோடு சுட்டார். அது எங்கே போனதென்று பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வெளையாட்டு இல்லீங்க மேடம்."

டெல்பின் நிமிர்ந்தாள். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வலது கண்ணு மங்கிட்டே வருதுங்க. சக்கரை. அடுத்த வருசம் துப்பாக்கியெல்லாம் நெனைக்கவே வேண்டாங்கறாரு டாக்டரு. எனக்கு நாளைக்கு விட்டா வேற நாள் இல்லீங்க. ஊட்டுல கூட இன்னும் சொல்லலை."

டெல்பின் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போய் நில்லுங்க."

போய் நின்றார்.

"கோட்டு இருக்கட்டும். குண்டு போடாதீங்க. சும்மா குறி மட்டும் பாருங்க."

பார்த்தார். இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம் நகரப் பார்த்தது. தோளை இறுக்கி, அதை நடுவில் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப கண்ணை மூடுங்க."

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கண் போகிறது என்று வாய்விட்டுச் சொன்ன மனிதனிடம் பேசுகிற பேச்சா இது? பெண்டாட்டியிடம் சொல்லாததை இவளிடம் போய்ச் சொன்னோமே.

"ரெண்டு கண்ணையும் சார்."

மூடினார். கோபத்தில்தான் மூடினார்.

"மூச்சை விடுங்க. தோளை விடுங்க. நீங்க எதையும் பிடிக்க வேண்டாம், கோட்டு பிடிச்சுக்கும்."

விட்டார். துப்பாக்கி மெல்ல எங்கோ போய், ஓரிடத்தில் உட்கார்ந்தது.

"திறங்க."

வட்டத்தைக் காணோம். வெறும் சுவர். வலது ஓரத்தில் பக்கத்து ஆளுடைய இலக்கு அட்டை எட்டிப் பார்த்தது. துப்பாக்கி இம்மியும் ஆடவில்லை. கோட்டுக்குள் அவர் உடம்பு வெகு சௌகரியமாக அந்தச் சுவரைக் குறி பார்த்துக்கொண்டிருந்தது.

சட்டென்று துப்பாக்கியை இடப்பக்கம் இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க."

"இழுக்காம எப்படிங்க? இத்தனை நாளும் இழுத்துத்தானுங்க சுட்டேன்."

"தெரியும். சுடும்போது உடம்பு திரும்ப வலப்பக்கமே போயிடுது."

"தெரிஞ்சா சொல்லக்கூடாதுங்களா?"

"முதல் நாளே சொன்னேன் சார். அதுக்கப்புறமும் பத்துத் தடவை சொன்னேன். கால் வெச்சு நிக்கிறதைப் பத்தி நான் பேசும்போதெல்லாம் நீங்க கோட்டைப் பத்திக் கேட்டுட்டு இருந்தீங்க."

பின்னால் வந்து நின்று, அவருடைய வலது குதிகாலைத் தன் ஷூ முனையால் கொஞ்சம் முன்னே தள்ளினாள்.

"மூடுங்க."

மூடினார்.

"திறங்க."

அட்டை போய்விட்டது. வட்டம் இடது ஓரத்தில் பாதி தெரிந்தது.

ஷூ முனை இன்னும் கொஞ்சம் தள்ளியது.

இந்தத் தடவை அவள் சொல்வதற்குள் அவரே மூடிக்கொண்டார். மூச்சு இறங்கியது. தோள் இறங்கியது. கோட்டு முதுகைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொள்வது கூட அதற்குள் தூரத்தில் கேட்டது. தோளில் எப்போதும் இருக்கும் அந்த வலியைத் தேடிப் பார்த்தார். இல்லை. பல நாளாகச் சுமந்துகொண்டிருந்ததை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

கண்ணைத் திறக்க அவருக்கு அவசரமே இல்லை.

டெல்பின் பொறுத்துப் பார்த்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார், கோட்டு உதவுமான்னு கேட்டீங்களே..."

"சித்த பேசாம இருங்க மேடம்" என்றார் சென்னியப்பன்.