நூல் கோக்காத ஊசி

வாணியம்பாடியில் தோல் பொருள்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைச் சுலைகா நடத்திவந்தார். காலணித் தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் தையல் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டியவர். வயது முப்பத்து நான்கு. அவரிடம் தொழில் கற்க வந்த தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்தொன்று. முப்பது ஆண்டுகள் சட்டை தைத்தவர். அவர் சுலைகாவை "மாஸ்டர்" என்பார். சுலைகா அவரை "அண்ணே" என்பார்.

தேவசகாயத்திடம் விரதம்போல் காத்துவந்த வழக்கம் ஒன்று உண்டு. தையலை மிக நெருக்கமாகப் போடுவார். முடிக்கும் இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுவார். அகலத் தையல் போடுகிறவன் வாடிக்கையாளரை ஏய்க்கிறவன் என்பது அவர் கொள்கை.

பட்டறையில் மூன்று மாதமாக அவர் செய்ததெல்லாம் எண்ணெய் விடுவது, ஊசி மாற்றுவது, பற்சக்கரத்தில் அடையும் தோல்தூளைத் துடைப்பது. தையலில் இன்னும் கை வைக்கவில்லை.

ஒரு காலையில் தணிகாசலம் வந்தார். ரேஷன் கடையில் எடை போடுபவர். சிறுவயதில் போலியோ தாக்கிய வலது காலுக்கு இரும்புத் தாங்கி அணிந்திருந்தார். தாங்கியைத் தொடையோடு பிணைக்கும் தோல்பட்டையிலிருந்து வார் பிரிந்து தொங்கியது.

"என்ன டெய்லர், என் காலுக்கு முழுக்கையா, அரைக்கையா?"

"காலர் வச்சே தைச்சுத் தரேன். உட்காருங்க."

உள்ளறையில் வேறோர் இயந்திரத்தின் அடியில் படுத்திருந்த சுலைகா குரல் கொடுத்தார்: "வார்தானே? நீங்களே தைங்கண்ணே."

தேவசகாயம் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். தையல் நீளத்தைக் குறைக்கும் திருகைக் கடைசிவரை திருப்பினார். எறும்பு வரிசைபோல் தையல் இறங்கியது. முடிவில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினார்.

தணிகாசலம் பட்டையைக் கட்டினார்; எழுந்தார்; காலில் பாரத்தைச் சாய்த்தார்.

டர்ரென்று ஓர் ஓசை. தையல் ஓடிய வழியே பட்டையின் ஓரம் தபால்தலைபோல் கிழிந்து வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டதால் தணிகாசலம் விழவில்லை.

சுலைகா எழுந்து வந்தார்.

"மிஷின்ல ஏதோ கோளாறு, மாஸ்டர்."

"அப்படியா? பாருங்க."

தேவசகாயம் பார்த்தார். நூலின் இறுக்கம் சரி. அடிநூல் சுற்றிய பாபின் சரி. எண்ணெய் சரி. ஊசிமுனையை நகத்தில் உரசிப் பார்த்தார், மழுங்கவில்லை. கோளாறு ஒன்றுமில்லை.

அதற்குள் சுலைகா பட்டையின் கிழிந்த ஓரத்தை நேராக வெட்டியிருந்தார்.

"இன்னும் ஒரு வரிசைக்குத்தான் தோல் மிச்சமிருக்கு. அதுவும் கிழிஞ்சா பட்டையே போச்சு."

தணிகாசலத்தின் சிரிப்பு மறைந்தது. "புதுப் பட்டைக்கு அரசாங்க முகாம் வரணும்மா. ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் வீட்டுத் திண்ணையிலதான். நின்னாத்தானே எடை போட முடியும்?"

தேவசகாயம் தலை கவிழ்ந்தார். "மாஸ்டர், இதைவிட நெருக்கமா ஒருத்தனால தைக்க முடியாது. அப்புறம் ஏன் கிழிஞ்சுது?"

சுலைகா ஊசியில் கோத்திருந்த நூலை உருவி எறிந்தார். ஒரு தோல்துண்டை எடுத்து, தேவசகாயம் வைத்திருந்த அதே நெருக்கத்தில், வெறும் ஊசியை ஓட்டினார்.

"இழுங்க."

இழுத்தார். துண்டு இரண்டாகப் பிரிந்து இரு கைகளிலும் வந்தது.

"நூலே இல்லையே, மாஸ்டர்!"

"ஆமா, இல்லை."

திருகை மறுபக்கம் திருப்பி, இன்னொரு துண்டில் அகல அகலமாக ஊசியை ஓட்டினார்.

"இழுங்க."

தேவசகாயம் துண்டின் ஒரு முனையைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். முகம்தான் சிவந்தது. தோல் விடவில்லை.

இரு துண்டுகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பின்பு ஊசியின் முனையைக் குனிந்து பார்த்தார். சட்டை தைக்கும் ஊசிக்கு உருண்டை முனை. இழைகளை ஒதுக்கிவிட்டு அது நுழையும். இதன் முனையிலோ கத்திபோல் ஒரு விளிம்பு. மூன்று மாதமாக அந்த ஊசியைத் தினமும் மாற்றியவர், அது ஏன் அப்படி இருக்கிறதென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"நான் தைக்கலை, மாஸ்டர். வெட்டியிருக்கேன்."

சுலைகா ஊசியில் நூலைக் கோத்தார். நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"உட்காருங்க."

"ஐயோ, வேணாம். நீங்களே தைச்சுடுங்க."

தணிகாசலம் குறுக்கிட்டார்: "அவரே தைக்கட்டும்மா. என் காலை நினைச்சு என்னைவிட அதிகமாப் பயப்படுறது இப்போ அவர்தான்."

தேவசகாயம் மோட்டாரை அணைத்தார். கைச்சக்கரத்தைத் தாமே சுற்றி, ஒவ்வொரு தையலாக இறக்கினார். பன்னிரண்டு தையல். வரிசை முடிந்ததும், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், கை பின்னோட்டும் நெம்புகோலுக்குப் போனது. போன கை பாதி வழியில் நின்றது. மெல்லத் திரும்பியது. நூல்முனைகளைத் தோலின் பின்பக்கம் இழுத்து, முடிச்சிட்டு, நெருப்பில் பொசுக்கினார்.

தணிகாசலம் கட்டினார், எழுந்தார், பாரத்தைச் சாய்த்தார். தோல் முனகியது. வரிசை நின்றது. தெருவரை நடந்து போய்த் திரும்பினார். மறுபடியும் ஒரு நடை.

"கடை திறக்க நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த தேவசகாயம் மெதுவாகக் கேட்டார்:

"மாஸ்டர், வெறும் பன்னிரண்டு தையலுக்கு ஒரு ஆளைத் தாங்குற பலம் எங்கிருந்து வந்துச்சு?"

"தாங்குறது தோலுதாண்ணே. நூல் அதுக்குத் துணைக்கு நிக்கிற ஆளு. நீங்க நல்ல மனசோட ஆள் சேர்த்துக்கிட்டே போனீங்க. தாங்குறவனுக்குக் கால் ஊன்ற இடம் இல்லாமப் போச்சு."