வீராயி நீட்டிய கை

"இதை வாங்கிக்குங்க, பெரிய சிஸ்டர். இனிமே எனக்கு வேண்டாம்."

சலோமியாள் தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபையார் நடத்திய தொழுநோய் இல்லம் அது. அங்கே ஊழியச் சகோதரிகளுக்குக் கல்யாணம் கிடையாது, சம்பளமும் கிடையாது. கறுப்பு உடுப்பும் அந்தத் தொப்பியும்தான் ஆஸ்தி. பத்தொன்பது வருஷம் புண் கழுவிய நர்ஸ் அதைக் கழற்றுகிறாள் என்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

பெரிய சிஸ்டர் அகனேத்தா அன்று காலைதான் வெளியூர் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். தொப்பியைப் பார்த்தார். தொடவில்லை.

"என்ன நடந்தது?"

"வீராயி செத்துப்போனா."

"கேள்விப்பட்டேன்."

"முந்தாநாள் மத்தியானம். என்னைக் கூப்பிட்டு கையை நீட்டினா. 'நான் போனப்புறம் எம் புருஷனுக்கு நீதான் சோறு ஊட்டணும். கையில அடிச்சு சத்தியம் பண்ணு, சிஸ்டரம்மா'ன்னு கேட்டா."

வீராயியின் புருஷன் சடையன் ஆண்கள் வார்டில் இருந்தார். கண் போய்விட்டது, விரல்களும் போய்விட்டன. மூன்று வேளையும் வீராயிதான் நொண்டிக்கொண்டே போய் ஊட்டிவிட்டு வருவாள்.

"நீ என்ன சொன்னே?"

"நம்ம சபையில யாரும் சத்தியம் பண்றதில்லைன்னு சொன்னேன்."

உண்மைதான். கோர்ட்டுக் கூண்டில் ஏற்றினாலும் அந்தச் சபையார் சத்தியம் செய்ய மாட்டார்கள். சத்தியம் பண்ணாதே என்று கடவுளே சொல்லியிருக்கும்போது ஜட்ஜ் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அப்புறம்?"

"ஏன் பண்றதில்லைன்னு விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே உயிர் போயிடுச்சு. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது."

சாகக் கிடக்கிறவளுக்கு வேதபாடம் நடத்தியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"சபை சொன்னது தப்பா, நான் செஞ்சது தப்பா? அதை மட்டும் சொல்லுங்க. ரெண்டு நாளா ஜெபக்கூடத்துக் கதவைச் சாத்திக்கிட்டு முழங்கால்ல நிக்கிறேன். பச்சைத்தண்ணியைத் தவிர எதையும் தொடலை. பதில் வரலை."

அகனேத்தா எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் கஞ்சி இருந்தது. ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. அதைத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு வேண்டாம், பெரிய சிஸ்டர். நான் உபவாசம்."

"உனக்கு யாரு கொண்டுவந்தா?"

சலோமியாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆம்பளை வார்டிலேருந்து திரும்பி வந்தது. சடையனும் ரெண்டு நாளா உபவாசம்தான். எல்லாரும் ஊட்டிப் பார்த்தாச்சு. இன்னிக்கு நானும் பார்த்தேன். வாயைத் திறக்க மாட்டேங்கறார். 'சலோமி சிஸ்டரம்மா வருவாங்க, எம் பொண்டாட்டி முன்னாடியே சொல்லி வெச்சிருக்கா'ங்கறார்."

சலோமியாளின் முகம் செத்துப்போயிற்று.

சமையலறையில் சூடான கஞ்சி வாங்கிக்கொண்டு ஓடினாள். தொப்பி மேசைமேலேயே கிடந்தது.

சடையன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"சிஸ்டரம்மாவா?"

"ஆமாங்க."

"வீராயி கையில அடிச்சுக் குடுத்தீங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பாவிக்குப் பொய் சொல்லவும் தெரியாது.

"இல்லைங்க."

சலோமியாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரண்டி கஞ்சியை அவர் வாயருகே கொண்டுபோனாள். எழுந்து போகச் சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு அவர் மெல்ல வாயைத் திறந்தார்.

கஞ்சி தாடியில் வழிந்தது. துடைத்துவிட்டாள். கடைசிக் கரண்டி வரைக்கும் குடித்தார்.

"சாயங்காலம் வருவீங்களா?"

"வருவேன்," என்றாள்.

சத்தியம் இல்லாத அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

சலோமியாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் குருடர் முன்னால் வாய்விட்டு அழுதாள்.