கரண்ட்டுக்கு முத்திரை கேட்ட ராஜா

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஆனா கரண்ட் வந்ததுக்கு அப்புறம், நடுநாட்டை முத்திரைவர்மன்னு ஒரு ராஜா ஆண்டுட்டு இருந்தார். எதைப் பாத்தாலும் மோதிரத்தால முத்திரை குத்தணும் அவருக்கு. எல்லை தாண்டுற வாழைத்தாருக்கு முத்திரை, மாட்டுக் கொம்புக்கு முத்திரை. வழிதவறி வந்த ஒரு வாத்தைக்கூட விடல.

நடுநாட்டுக்கு மேல மலைநாடு, கீழ கழனிநாடு. மழை கொட்டினா மலைநாட்டு அணையில கரண்ட் எக்கச்சக்கமா வரும். அதே மழையில கழனிநாட்டு வயல் முங்கிப்போகும். மோட்டார் வச்சு தண்ணிய இறைச்சாதான் நெல்லு பிழைக்கும். அதனால மலைநாடு விக்கும், கழனிநாடு வாங்கும், நடுநாட்டுக் கம்பி வழியா கரண்ட் போகும். கம்பிக்கு ஒரு கூலி. இதைப் பேசி முடிச்சது மந்திரி நீலாயி. அந்தப் பேரு அவளுக்குப் போனது சுங்க அதிகாரி வச்சணந்திக்கு வயித்தெரிச்சல்.

அந்த வருஷம் மழை பிடிச்சதும் வச்சணந்தி ராஜா காதுல ஓதினார். "மகாராஜா, அந்த அணையைக் கட்டினது நம்ம எதிரி வடகோட்டைக் கொத்தனாருங்க. எதிரி கை பட்ட கரண்ட், முத்திரை இல்லாம நம்ம மண்ணைத் தாண்டுது."

ராஜாவுக்கு 'முத்திரை இல்லாம'ங்கறது மட்டும்தான் காதுல விழுந்துச்சு. உடனே சட்டம். யாரு கை பட்டதுன்னு பாத்து முத்திரை குத்தாத கரண்ட் எல்லை தாண்டக் கூடாது. கழனிநாட்டுக்குப் போற கம்பியை அன்னிக்கே கழட்டிட்டாங்க.

கொஞ்ச நாள்ல கழனிநாட்டுல இருந்து மருதாள்னு ஒரு விவசாயி, இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து சபையில நின்னா. கை நிறைய நெல்லுக்கதிர். ஒவ்வொரு மணியிலயும் பச்சையா முளை.

"அறுக்க வேண்டிய நெல்லு, ராஜா. நின்ன இடத்துலயே முளைச்சுப்போச்சு. மோட்டார் எல்லாம் சும்மா கெடக்குது. மிச்ச வயலாவது பிழைக்கட்டும், கம்பியை மாட்டிவிடுங்க."

"கரண்ட்தானே வேணும்?" வச்சணந்தி முந்திக்கிட்டார். "என் மச்சான் எல்லையில எண்ணெய் இன்ஜின் வச்சிருக்கான். சுத்தமான உள்நாட்டு கரண்ட். வாங்கிக்கோ."

"அவர் சொல்ற விலைக்கு வயலைத்தான் விக்கணும், சாமி."

நீலாயிக்கு உச்சந்தலை வரைக்கும் கொதிச்சுது. மேல வாங்க ஆளில்லாம அணைத்தண்ணிய வீணா தொறந்து விடுறாங்க. கீழ ஒரு நாடே முங்குது. நடுவுல உக்காந்து இந்த மனுஷன் மச்சானுக்குக் கடை விரிக்கிறாரு.

"வச்சணந்தியாரே, நம்ம அரண்மனை விசிறி சுத்துறதும் அதே மலைநாட்டு கரண்ட்லதானே?"

"நமக்கு வர்றதுல நல்லது மட்டும்தாம்மா வருது. கெட்டதெல்லாம் அவங்களுக்குப் போறது."

"எப்படிப் பிரிக்கிறீங்க?"

"அது சுங்கத்துறை அனுபவம், உங்களுக்குப் புரியாது. பிரிக்க முடியாதுன்னு நிரூபிங்க பாப்போம். இல்லேன்னா மந்திரி நாற்காலியை விட்டு எறங்குங்க."

ராஜா குஷியாகிட்டார். "நல்ல பந்தயம். நாளைக்குக் காலையில சபையில வச்சுக்கலாம்."

மறுநாள் ராஜா வந்து உக்காந்தா, ஒரு விசிறியும் சுத்தல. கிரீடத்துக்குள்ள இருந்து வேர்வை மூக்கு வழியா சொட்டுது.

"யாரு இதை நிறுத்தினது?"

"உங்க சட்டம்தான், மகாராஜா," நீலாயி கும்பிட்டா. "முத்திரை இல்லாத கரண்ட் மண்ணுக்கே ஆகாதுன்னா அரண்மனைக்கு ஆகுமா? வாசல்லயே நிறுத்திட்டேன். வச்சணந்தியார் நல்லதைப் பிரிச்சு, முத்திரை குத்தி உள்ள விடுவார். உங்க மோதிரத்தை மட்டும் குடுங்க. ஏணி போட்டாச்சு."

வச்சணந்தி ஏணியைப் பாத்தார். கம்பியைப் பாத்தார். "இன்னிக்கு எனக்கு மூட்டுவலி."

"ஏறுய்யா," ராஜா உறுமினார்.

"ஏறினா செத்துருவேன், மகாராஜா. எல்லாம் கலந்து ஓடுற கரண்ட்டை எவனாவது தொட்டுப் பிரிக்க முடியுமா?"

"இதைத்தான் நேத்து நான் கேட்டேன்," அப்படின்னா நீலாயி. "கவலைப்படாதீங்க மகாராஜா, எதிரி கை படாத கரண்ட் தயாரா இருக்கு. அரண்மனைக்குன்னு சொன்னதும் அவர் மச்சானே ஓடிவந்து கொல்லையில இன்ஜினை இறக்கிட்டுப் போனார்."

டபடபன்னு ஒரு சத்தம். விசிறி ரெண்டு சுத்து சுத்தி, முனகி நின்னுச்சு. ஜன்னல் வழியா கரும்புகை புகுந்து, ராஜாவோட வெள்ளை மீசை அடுப்புக்கரி ஆயிடுச்சு.

ராஜா இருமி முடிக்கவே நேரமாச்சு. "இதையாடா அந்தப் பொண்ணுகிட்ட விக்கப் பாத்தே? போ, நீயும் உன் மச்சானும் அவ வயல்ல தண்ணி வடியுற வரைக்கும் இறைகூடை பிடிங்க. நீலாயி, கம்பியை மாட்டச் சொல்லு. சட்டத்தையும் நீயே மாத்தி எழுது."

"ஒரே வரிதான், மகாராஜா. வழி விடுறவன் கூலி வாங்கலாம், குலம் கேக்கக் கூடாது."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழட்டி நீட்டினார். நீலாயி வாங்கல. சபை ஓரத்துல காத்துக்கிட்டு இருந்த மருதாள் கையில இருந்து முளைச்ச கதிரை எடுத்து ராஜா முன்னால வச்சா.

"மாலை இருக்கட்டும். முதல்ல இதுல ஒரு முத்திரை குத்துங்க."

"இதுக்கு எதுக்கு?"

"உங்க சட்டத்துல விளைஞ்சது. யாரு கை பட்டதுன்னு தெரிய வேணாமா?"

ராஜா அந்தக் கதிரைக் கையில எடுத்துப் பாத்தார். அப்புறம் மோதிரத்தைக் கழட்டி நீலாயி கையில வச்சார். மாலை மருதாளுக்குப் போச்சு, போன நெல்லுக்கு ஈடா.

அன்னிக்குச் சாயங்காலம் கரண்ட் கழனிநாட்டுக்குப் போச்சு. யாரு பெத்தது, எவன் வளர்த்ததுன்னு ஒண்ணும் சொல்லிக்கல. போய் மோட்டாரைச் சுத்துச்சு, அவ்வளவுதான்.