ஏழு காதக் கல்

“அந்தக் கல்லை இன்னும் என்னதான் செய்யறது, அக்கா?” என்று கேட்டார் இருசப்பன்.

பொன்னுருவி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

அவருக்கு ஐம்பது வயது. இருசப்பனுக்கு அறுபது. ஆனாலும் சேரியின் உரிமைக்குப் போராடும் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். குரு என்று எவனாவது சொன்னால் ஸ்பேனர் பறக்கும்.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?”

“அப்பா செத்துட்டாரு. காலையில.”

அக்கா ட்யூபைக் கீழே வைத்தார்.

“எந்த வழியா எடுக்கறீங்க?”

“ரோட்டு வழிதான். சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினாரு. எங்க தாத்தாவை ஓடை வழியா தூக்கிட்டுப் போனப்போ வெள்ளம் பாடையோட இழுத்துட்டுப் போயிடுச்சு. மூணாம் நாள் மூங்கில் புதர்ல கிடைச்சாரு. ‘என்னையாவது தரையில கொண்டு போடா’ன்னாரு.”

சேரியிலிருந்து இடுகாட்டுக்குத் தார்ச்சாலை உண்டு. சாலையோரம் ஒரு கல் உண்டு. அதற்கு மஞ்சள் பூசி, வேட்டி கட்டி, முனியப்பன் என்று பெயர் வைத்திருந்தது ஊர். சேரிக்காரன் செருப்புக் காலோடு அதைத் தாண்டக் கூடாது. பிணத்தோடு தாண்டவே கூடாது. பிணத்துக்கு ஓடை.

“அது சாமியே இல்லைன்னு எழுதி வாங்கினேனே அக்கா. கல்வெட்டு படிக்கிற ஆபீசரே வந்து படிச்சாரு. அந்தக் காலத்து ராஜா தூரம் காட்ட நட்ட காதக்கல்லாம். பட்டணத்துக்கு ஏழு காதம்னு எழுதியிருக்காம். கீழே ஏழு குழி வேற. படிக்கத் தெரியாதவன் விரலை விட்டு எண்ணிக்கட்டும்னு.”

“யாருக்காக?”

“நம்மளை மாதிரி ஆளுக்காக.”

“நீ எண்ணிப் பார்த்தியா?”

“தொட விட்டாத்தானே!”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார்.

“அதை ஊர்க்காரங்களுக்குச் சொன்னியா?”

“ஆயிரம் துண்டறிக்கை அடிச்சுக் கொடுத்தேன்.”

“படிச்சாங்களா?”

“கைதட்டினாங்க. அடுத்த வாரமே பலகை வெச்சுட்டாங்க. ‘ஏழுகாத முனியப்பன். ஆயிரம் வருடப் பழமை.’ நான் எழுதினதைத்தான் ஸ்தல புராணம்னு கீழே போட்டிருக்காங்க. ஒரு எழுத்துப் பிழையைக்கூட திருத்தலை.”

அக்கா சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை. இருசப்பனும் சிரித்துவிட்டு அழுதார்.

“கலெக்டர் ஆர்டர் இருக்கா?”

“இருக்கு.”

“போலீசு?”

“ரெண்டு பேர் வர்றாங்க.”

“ஊர்க்காரங்க?”

“தகராறு பண்ண மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. கதவைச் சாத்திட்டு உள்ளே இருக்காங்க.”

“தோள் கொடுக்க?”

“நாலு பேரும் சங்கத்து ஆளுங்க. முன்னாடி நான்.”

“அப்புறம் என்ன பயம்?”

“தெரியலை அக்கா. நீங்களும் வாங்க.”

அக்கா கடையைச் சாத்தினார்.

*

பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. அக்கா பாடைக்குப் பின்னால் நடந்தார்.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு நாய்கூட குறுக்கே வரவில்லை. சங்கம் இருபது வருடம் போராடிக் கேட்ட சாலை, எந்தத் தடையும் இல்லாமல் நீட்டிப் படுத்துக் கிடந்தது.

கல் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

பறை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

“மழை வருதுய்யா, நடங்க நடங்க” என்றார் ஒரு போலீஸ்காரர்.

நடந்தார்கள்.

கல்லுக்குப் பத்தடி இருக்கும்போது பாடை இடது பக்கம் திரும்பியது. சரிவில் இறங்கியது. ஓடையில் இறங்கியது.

“யோவ்! ரோடு இந்தப் பக்கம்யா!” என்று மேலிருந்து கத்தினார் போலீஸ்காரர்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. அப்போதுதான் இருசப்பனுக்கு உறைத்தது.

“யாருடா திருப்பினது?”

“நீதானே முன்னாடி போறே” என்றார் பின்னால் தோள் கொடுத்திருந்த மாதன்.

“நான் திரும்பலை. நீ தள்ளினே.”

“நான் எங்கய்யா தள்ளினேன்? நீ போனே, நான் வந்தேன்.”

“திரும்புடா! ரோட்டுக்குப் போலாம்!”

யாராலும் திரும்ப முடியவில்லை. வெள்ளம் பாடையின் கீழ்ப்பக்கத்தை நக்கியது. அப்பாவின் ஒரு கை நழுவித் தண்ணீரில் தொங்கியது.

பக்கவாட்டிலிருந்து யாரோ மூங்கிலைத் தாங்கிப் பிடித்தார்கள். அக்கா.

“அக்கா! நீங்களாவது நிறுத்தியிருக்கக் கூடாதா?”

“பேசாதே. தூக்கிப் பிடி. தண்ணி இழுக்குது.”

தூக்கிப் பிடித்தார்கள். அப்பாவை வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை. அவ்வளவுதான் அவருக்குச் செய்ய முடிந்தது.

மறுகரையில் பாடையை இறக்கினார்கள். எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா உட்கார்ந்து, பாதத்தில் ஏறியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

இருசப்பன் அவர் எதிரே போய் நின்றார்.

“செருப்பு ஓடையில போயிடுச்சா அக்கா?”

“இல்லை.”

“இறங்கறப்போ கரையில விட்டீங்களா?”

“இல்லை.”

முள் வந்தது. ரத்தமும் வந்தது. அக்கா அதைத் துடைக்கவில்லை.

“கல்லு கண்ணுல பட்டதுமே கழட்டிட்டேன்” என்றார்.