ஆளுக்கு ஒரு கிள்ளு

"நான் ஒரே ஒரு கிள்ளுதானே எடுத்தேன்? அதற்கா இந்தக் கூப்பாடு?"

மலையணில் கேட்டதை அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லிக் காட்டியது தவளை. "'ஒரே ஒரு கிள்ளுதானே எடுத்தேன்? அதற்கா இந்தக் கூப்பாடு?' நன்றாயிருக்கிறது அணிலக்கா! கொஞ்சம் திரும்பி அந்தப் பாறையைப் பார்!"

அத்தனை விலங்குகளும் திரும்பிப் பார்த்தன. காலையில் பச்சைக் கம்பளி போர்த்தியிருந்த ஓடைக்கரைப் பாறை, மொட்டையடித்த தலைபோல வெயிலில் மின்னியது.

நடந்தது இதுதான். கீழ்க்காட்டு விலங்குகள் பாசி பார்க்க ஒரு சங்கம் வைத்திருந்தன. வருடத்துக்கு ஒருமுறை, மழை விட்டதும், மலையுச்சிச் சோலைக்கு வரிசையாக ஏறும். தலைவர் கருமந்தி. பாசியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாதாம். பார்த்ததற்குச் சாட்சியாக ஒரு கிள்ளு எடுத்துக் காதில் செருகிக்கொள்ள வேண்டுமாம். வெறுங்காதோடு இறங்கினால் கீழே யாரும் மதிக்க மாட்டார்கள். பாசிமேல் அவ்வளவு பிரியம்!

இந்த வருடம் நாற்பது பேர் ஏறினார்கள். ஈரலைத் தட்டையாகத் தட்டி ஒட்டிவைத்தாற்போல ஒரு பாசி அந்தப் பாறையில் படர்ந்திருந்தது.

"ஈரல்பாசி! ஆகா, என்ன அழகு!" என்று குதித்தது மந்தி.

பாசிக்குள்ளிருந்து தவளை தலையை நீட்டியது. "தலைவரே, கிள்ளாதீர்கள்! உள்ளே என் முட்டைகள் இருக்கின்றன. ஈரம் போனால் காய்ந்துவிடும்!"

"பயப்படாதே தங்கச்சி. நாங்கள் பாசியை உயிராக நினைக்கிறவர்கள். ஒரு கிள்ளில் என்ன குறைந்துவிடும்?" என்று சொல்லிக்கொண்டே மந்தி கிள்ளியது.

அடுத்து அணில் கிள்ளியது. "எனக்கு முன்னால் பத்துப் பேர் எடுத்தாயிற்று, நான் மட்டும் இளிச்சவாயா?" என்று முள்ளம்பன்றி கிள்ளியது. கடமானுக்குக் கிள்ள விரல் இல்லை. அது ஒரு வாய் கடித்தது; மிச்சத்தை மந்தி அதன் காதில் செருகிவிட்டது.

"வாயால் எடுத்தாலும் அது கிள்ளுதான்!" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். பெரிய நியாயஸ்தர்!

இப்போது பாறை இடுக்கில் பதினோரு முட்டைகள் வெளியே தெரிந்தன. வெயில் ஏற ஏற அவை சுருங்கத் தொடங்கின.

"வருத்தமான விஷயம்தான் தங்கச்சி," என்று மந்தி தொண்டையைச் செருமியது. "ஆனால் நாற்பது பேரில் யாரைக் குற்றம் சொல்வது?"

"நாற்பது பேரையும்தான்! என் குரல் நாற்பது பேர் காதிலும் விழுந்ததே! அந்தக் காதில்தானே பாசியைச் செருகியிருக்கிறீர்கள்?"

கடமான் மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டது.

தவளை மூச்சுவாங்கியது. "சரி, நான் கத்தினால் முட்டை நனையாது. காதில் இருப்பதை எடுங்கள். ஓடைத் தண்ணீரில் நனைத்து, இந்த முட்டைகள்மேல் வையுங்கள். ஆளுக்கு ஒரு கிள்ளு போதும். நீங்கள் எடுத்ததே அவ்வளவுதானே?"

அணிலின் கை காதுவரை போயிற்று. பக்கத்தில் முள்ளம்பன்றியின் காதைப் பார்த்தது. அதில் பாசி அப்படியே இருந்தது. அணிலின் கை இறங்கிவிட்டது.

மந்தி முன்னால் நடந்தது. வரிசை கலையாமல் மற்றவையும் பின்னால் இறங்கின. நாற்பது காதுகளில் பச்சைப் பாசி ஆடிக்கொண்டே போயிற்று.

தவளை ஓடைக்கு ஓடி, வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து முட்டைகள்மேல் உமிழ்ந்தது. பாறை அதை உடனே குடித்துவிட்டது.

"அணிலக்கா! நீயாவது திரும்பி வா! ஒரே ஒரு கிள்ளு!"

அணில் திரும்பாமல் வரிசையோடு இறங்கியது.

ஊரே கூடிச் செய்த கேட்டில் ஒருவர் பங்கும் சிறிதல்ல.